பரீட்சைக் காலையில் ஒரு இடியப்பப் பேரம்

எழுபத்தோராம் ஆண்டு டிசம்பரில் லரீபா ஓ.எல். பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்றினாள். முதல் தடவை வெறும் வயிற்றோடு போய், கணக்குத் தாளின் நடுவில் மயங்கி விழுந்திருந்தாள். பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த அவள் வாப்பா ஜௌபர் அதை மறக்கவில்லை. இம்முறை கணக்குப் பரீட்சையன்று காலையில் மகளுக்கு எதிரே அமர்ந்தார். கடையில் விலை சொல்வதைப் போலவே இங்கேயும் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சொன்னார்.

"எட்டு இடியப்பம் திண்டுட்டுப் போகணும்."

"ஒண்ணும் ஏலாது வாப்பா. சோதின முடிஞ்சு வந்து திங்கிறன்."

"ஆறு. நீ எண்டதால சொல்றன்."

"அரை."

"அரையா? கைக்குட்டைத் துணியா வாங்க வந்தீங்க? நாலு. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

லரீபா எழுந்து, செருப்பை மாட்டி, மழைக்குக் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"புள்ளயக் கூப்பிடுங்களேன்," என்றாள் உம்மா ஜெனீரா.

"சும்மா இரி. எறங்கிப் போறவங்களக் கூப்பிட்டா நம்ம வெலதான் எறங்கும். தானா திரும்பி வருவாங்க."

மகள் திரும்பவில்லை. தெருமுனையை எட்டிவிட்டாள். முப்பது வருட வியாபாரத்தில் ஒருவரையும் திரும்பக் கூப்பிடாத மனிதர், வெறுங்காலோடு மழையில் ஓடினார்.

"மகள், ரெண்டு! ரெண்டு போதும்!"

லரீபா உடனே நின்றாள். திரும்பி வந்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு இரண்டையும் தின்றாள். ஜௌபர் நனைந்த தலையோடு மூன்றாவதை அவள் தட்டில் வைத்தார்.

"இது கொசுறு. வேணாண்டு சொல்லப்படாது."

அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்துவிட்டு, அவள் அதையும் தின்றாள்.