அளவு நாள் பால்

மே மாதத்தில் ஒரே ஒரு காலை. அன்று எங்கள் ஆடுகள் எவ்வளவு பால் தருகின்றனவோ, அதைக் கொண்டுதான் இலையுதிர் காலம் வரை எங்களுக்குக் கிடைக்கும் பாலாடைக்கட்டியின் பங்கு முடிவாகும். அளவு நாள் என்போம். அது முடிந்ததும் ஊர் ஆடுகள் ஒரே மந்தையாக மலையேறிவிடும். தலைமை இடையர் கவ்ரிலா கறப்பார், காய்ச்சுவார், அன்றைய அளவுப்படி பிரித்துக் கொடுப்பார். அந்தக் கட்டியைச் சந்தையில் விற்றுத்தான் மாவு, விறகு, என் மாமியாரின் மாத்திரை எல்லாம். வேறு வருமானம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

அளவு நாளுக்கு முன்னால் எல்லாரும் ஆடுகளுக்கு நல்ல தீனி போடுவார்கள். அது திருட்டில்லை, ஊர் வழக்கம். என் கணவர் தோமா ஒரு படி மேலே போனார். அன்று விடியும்போதே, பனி சொட்டிக்கொண்டிருந்த குதிரைமசால் தீவன வயலில் ஆடுகளை இறக்கிவிட்டார். ஈரக் குதிரைமசால் வயிற்றை உப்பவைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முந்தின நாள் பக்கத்து வீட்டு ஆடுகளின் பெருத்த மடியைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

பால் அளக்கும் மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போவதற்குள் ஆடுகளின் வயிறு மத்தளமாகிவிட்டது. முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி தோமா அவற்றின் விலாவைத் தேய்த்தார். காற்று இறங்கட்டும் என்று நான் அவற்றின் வாயைப் பிளந்து சூரியகாந்தி எண்ணெயை ஊற்றினேன். சுற்றிலும் பிடில் வாசிப்பு, பிளம் சாராயம், வாளிகளில் பால் பீய்ச்சும் சத்தம். எங்கள் ஆடுகள் சாகவில்லை. ஆனால் மடி சுருங்கிவிட்டது. இழுத்து இழுத்துப் பார்த்தும் வாளியில் நுரைகூட எழவில்லை.

“ஏம்ப்பா தோமா, ஆட்டக் கறக்க ஓட்டியாந்தியா, ஊதிப் பாக்க ஓட்டியாந்தியா?” என்றார் ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள். தோமாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கவ்ரிலா அளவுக்குச்சியை வாளியில் நிறுத்தினார். பால் நனைத்த இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறுவார், அதுதான் கணக்கு. குச்சியின் நுனிதான் நனைந்திருந்தது. அவர் கீறாமல் தயங்கினார். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“நாளைக்கு ஒரு தடவ அளந்துருங்கண்ணே. ஆடு நல்ல ஆடுன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் தொதோசியா. ஆனா உனக்கு நாளைக்கு அளந்தா, நாளான்னைக்கு ஊரே வாளியோட வந்து நிக்கும். நான் யாருக்குன்னு அளக்குறது?”

அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். பக்கத்தில் கறந்துகொண்டிருந்த பராஸ்கீவா தன் வாளியை என் வாளியின் பக்கம் மெல்லச் சாய்த்தாள். எல்லாரும் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்த்திக்கொண்டாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கவ்ரிலா கோட்டைக் கீறினார்.

ஆடுகளைத் திருப்பி ஓட்டிவரவும் வழியில்லை. கீழே இருக்கிற புல்லைக் கோடையில் மேயவிட்டால், பனிக்காலத்தில் அவற்றுக்குப் போட ஒன்றும் இருக்காது. மந்தையோடு மலையேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீடு வரும்வரை நான் தோமாவைத் திட்டவில்லை. திட்டினால் அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

சில வாரம் கழித்து முதல் பங்கு வாங்க, ஆடுகளுக்கு உப்பும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கவ்ரிலா கறந்துகொண்டிருந்தார். வாளியில் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

“ஒன்னோட ஆடுங்கதான், பாரு. மந்தையிலயே இதுங்கதான் அதிகமாக் கறக்குது,” என்றார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார்.

அந்தப் பாலை ஊர்ப் பாலோடு கொப்பரையில் கொட்டிவிட்டு, அளவு நாள் கோட்டின்படி என் பங்குக் கட்டியை எடுத்துக் கொடுத்தார். அதைத் தலைத்துணியின் ஒரு முனையில் முடிந்துகொண்டு இறங்கினேன்.