எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

“எட்டும் ஒம்போதும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிதானே, ஏறினதும் யார்கிட்டயாவது சொல்லி...”

“போனை இங்க கொடு.”

“...இடம் மாத்திக்கிட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி...”

“கொடுங்கறேன்ல. நீ எடுத்த டிக்கெட்டை நான் என் கண்ணால பாக்கணும்.”

போனைப் பிடுங்கிய பிறகுதான் சூஜுவானுக்கு நினைவு வந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடி, கணவர் லாவ் யின் தோளில் தொங்கும் பையில், தேயிலையில் வேகவைத்த முட்டைகளோடு கிடக்கிறது. கேட்பதற்குள் ரயில் வந்துவிட்டது. தான்யாங் ஸ்டேஷனில் அது நிற்பது இரண்டே நிமிடம். லாவ் யின் எட்டாம் பெட்டிக்கு ஓடினார், அவள் ஒன்பதாம் பெட்டிக்கு.

காலையிலிருந்தே இப்படித்தான். முட்டையில் உப்பு அதிகம் என்று ஒரு சண்டை, கழுத்துத்துண்டு வேண்டாம் என்று இன்னொன்று. போன வாரம் ஷாங்காய் மருத்துவமனையில் அவருடைய நுரையீரலில் ஊசி விட்டுச் சோதனைக்கு எடுத்த துளிச் சதையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. முடிவு இன்று காலை அவர் போனுக்கு வந்துவிடும், பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பேசவேண்டியதையெல்லாம் முட்டையைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள்.

ரயில் வேகமெடுத்ததும் சூஜுவான் எழுந்து எட்டாம் பெட்டிப் பக்கம் போனாள். பெட்டியின் முனைக் கதவு பூட்டியிருந்தது.

“அந்தப் பக்கம் வழி கிடையாது அத்தை,” என்றாள் பணிப்பெண். “இது ரெண்டு ரயில். மூக்கோட மூக்கு ஒட்டி ஓட்டறோம். எட்டோட அது முடிஞ்சுது, ஒம்போதுல இது ஆரம்பம்.”

“பக்கத்துப் பெட்டின்னாரே.”

“நெறையப் பேர் அப்படித்தான் நெனச்சு ஏறிடறாங்க. அடுத்த ஸ்டேஷன் ஊஷியில ரெண்டு நிமிஷம் நிக்கும். இறங்கி ஓடுவீங்களா?”

“ஓடாம? அந்த மனுஷனைத் திட்டவேண்டியது பாக்கி இருக்கே.”

இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்ததும் கையில் போன் அதிர்ந்தது. மருத்துவமனையின் பச்சைச் சின்னம் மங்கலாகத் தெரிந்தது, அதன் கீழே எழுத்துகள் எறும்புச் சாரையாக. தொட்டால் திறக்கும், இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும். அது அவளுக்குத் தெரியும். விரலைத் தூக்கியவள் மடக்கிக்கொண்டாள்.

“படிச்சுச் சொல்லட்டுமா அத்தை?” பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்.

“வேண்டாம்மா. இந்தப் போனுக்கு உடையவரு முன்னாடி ரயில்ல இருக்காரு.”

முப்பத்தொரு வருடம் இருவரும் ஒரே பட்டறையில் கண்ணாடி வில்லை தேய்த்தவர்கள். அவள் கண்ணாடிக்கான வில்லையை மட்டும் அவர் வேறு யார் கைக்கும் விட்டதில்லை. கண்ணாடிக்குப் பேர்போன தான்யாங் ஊர்க்காரி, கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வயல்களும் கூரைகளும் ஒரே பச்சைச் சாம்பலாகக் கரைந்து ஓடின.

ஊஷியில் கதவு திறந்ததும் ஓடினாள். முழங்கால் கெஞ்சியது. இரண்டு நீண்ட வெள்ளை மூக்குகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதைக் கடந்தாள். விசில் ஊதும்போது எட்டாம் பெட்டிக்குள் கால் வைத்தாள்.

லாவ் யின் தன் இருக்கையில் இல்லை. பெட்டியின் கோடியில், பூட்டிய கதவுக்கு முன்னால், பையை அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“கிழவா,” என்றாள்.

திரும்பினார். “இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு ஓடியா வந்தே?”

“வந்திருக்கு.” போனை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. “நீயே படி.”

பைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தார். சட்டை நுனியால் ஒரு வில்லையைத் துடைத்தார், பிறகு மற்றதை. பட்டறையில் செய்வதுபோல ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். ரயில் நகர்ந்தது. மறுபடியும் முதல் வில்லைக்கு வந்தார். விரல்கள் வட்டமாக, மெதுவாக, நிற்காமல் சுற்றின.

“அழுக்கே இல்ல, லாவ் யின். போதும், கொடு.”