ஷேர் ஆட்டோவில் ஒரு எம்மிங்

மெஷினில் அடித்த ஓரம் எனக்குப் பிடிக்காது. அதுவும் லைனிங் இல்லாத டாப்ஸ் என்றால் சுத்தமாகப் பிடிக்காது. காற்றில் ஓரம் புரண்டால் உள்பக்கத் தையல் ஊருக்கே தெரியும். அதனால் பிசிறை உள்ளே தள்ளி, இரண்டாக மடித்து, மேல்துணியில் ஒரே ஒரு இழையைக் குத்தி எடுத்து, கையால்தான் எம்மிங் செய்வேன். வெளியே தையல் இருப்பதே தெரியாது. கர்வம்தான், இருக்கட்டுமே.

அன்று ஆயுதபூஜை. யூனிஃபார்ம், தொப்பி எதுவும் இல்லாமல் கலர் டிரஸ்ஸில் கம்பெனிக்குப் போகும் ஒரே நாள். புது நீல டாப்ஸில் இன்னும் ஒரு சாண் ஓரம் பாக்கி. அப்படியே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறியதும் ஊசியை எடுத்தேன். சீட்டின் அந்தக் கோடியில் பேச்சிராஜ். கோவில்பட்டிக்காரர், கம்பெனியில் எனக்குப் பக்கத்து லைன், தினமும் இதே ஆட்டோ. மறுநாளிலிருந்து என் லைன் வல்லம் வடகால் புது பிளான்ட்டுக்கு மாறுகிறது. மனசில் இருப்பதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல முடியாது.

வடக்குப்பட்டு அம்சவல்லி அக்கா பூமூட்டையோடு ஏறினார். "தள்ளிக் குந்துடி" என்று அவர் இடித்த இடியில், பேச்சிராஜை ஒட்டிப் போய் விழுந்தேன். நிமிர்ந்தால் இளித்துவிடுவேன். குனிந்த தலை நிமிராமல் விறுவிறுவென்று தைத்தேன்.

ஒரகடத்தில் இறங்கினேன். பின்னாலேயே பேச்சிராஜும் வந்தார். எங்கே வந்தார், நான்தான் இழுத்து வந்தேன்! அவர் சட்டையும் நீலம். அதன் நுனியை என் மடிப்புக்குள் வைத்து அழகாகத் தைத்திருந்தேன்.

"யம்மா, கல்யாணமே ஆன மாரி கீது!" அம்சவல்லி அக்கா ஆட்டோ அதிரச் சிரித்தார்.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிரும்!" என்று கத்தினேன்.

பேச்சிராஜ் குனிந்து துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் எங்கன இருக்குன்னே தெரியலயே."

"நான் தச்சா அப்படித்தான்." எனக்குச் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது. சிரிப்போடு சிரிப்பாக அதுவும் வாயிலிருந்து விழுந்துவிட்டது. "நாளையிலேருந்து நான் வல்லம் வடகால் போறேன். உங்களப் பாக்காம என்னால இருக்க முடியாது."

அவர் நிமிரவே இல்லை. காதெல்லாம் சிவந்திருந்தது.

"எங்க ஹாஸ்டல் வாசலுக்கே கம்பெனி பஸ் வருது" என்றார். "ஒரு நாளும் அதுல ஏறுனதில்ல. வல்லம் வடகால் ஆட்டோ எங்கன நிக்கும்?"