எண்ணெய் பட்ட பொத்தான்கள்

ஞானம் அக்கா துண்டில் சுற்றிய அந்த மிஷினை மூன்றாவது தடவையாக என் கடை மேஜையில் வைத்தபோது, அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காசிமேட்டுக் கடலில் போட்டுவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"மறுபடியும் பூட்ச்சா?" என்றேன்.

"கோச்சுக்காத தம்பி. காலைலேருந்து எங்க வூட்டுக்காரரு அமுக்கிகினே கீறாரு. பாதி எழுத்து வரமாட்டேங்குது."

"போன வாரந்தானே சரி பண்ணிக் குடுத்தேன்? நான் வேற பொழப்பு பாக்க வேணாவா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சரி பண்ணாமல் எழுந்திருக்க மாட்டாள் என்று தெரியும். ராயபுரத்தில் டிவியும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கிற இந்த லோகநாதன்தான் அந்த ஓட்டை மிஷினுக்கு இருக்கிற ஒரே வைத்தியன்.

இப்போது எல்லோரும் வீட்டில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர் இல்லை அது. எண்பதுகளில் வந்த சாமான். கையகலப் பலகை, மேலே ரப்பர் பொத்தான்கள், அவ்வளவுதான் மொத்தக் கம்ப்யூட்டரும். வயரை டிவியில் சொருகினால் எழுத்து திரையில் வரும். அக்காவின் வீட்டுக்காரர் மேத்யூ அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஏலத்தில் எடுத்தது. கொஞ்ச நாள் விளையாடிவிட்டுப் பரணில் போட்டுவிட்டார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் வெறும் கோழிக் கிறுக்கல். மனிதர் பரணையே காட்டிக் காட்டிக் கத்தியிருக்கிறார். இறக்கிக் கொடுத்ததும் ஒற்றை விரலால் தட்டி, ஆங்கில எழுத்திலேயே தமிழைத் திரையில் கொண்டுவந்துவிட்டார். முதலில் வந்தது 'சாப்டியா' என்ற ஒரு வார்த்தைதான். அதைப் படிக்கத் தெரியாமல் அக்கா பக்கத்து வீட்டுக்கு ஓடினாளாம். அப்புறம் இந்த வயதில் உட்கார்ந்து ஏ பி சி டி கற்றுக்கொண்டாள்.

இதெல்லாம் தெரிந்துதான் நானும் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை படமே வரவில்லை, கண்டென்சர் மாற்றினேன். இரண்டாவது தடவை பாதிப் பொத்தான் வேலை செய்யவில்லை. பொத்தான்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அழுத்தும்போது அதில் இருக்கிற கோடுகள் ஒன்றையொன்று தொட்டால்தான் எழுத்து வரும். உப்புக் காற்றில் கெட்டிருக்கும் என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தும் பார்த்தேன். மேத்யூ அண்ணன் அதைத் தொடக்கூட இல்லை.

இந்தத் தடவை திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தால், உள்ளே எறும்புப் படை. தாள் முழுக்கப் பிசுபிசு என்று இருந்தது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

"இன்னாக்கா இது? இதுல எவன் எண்ணெய ஊத்துனது?"

"ஊத்தலபா. மாதா எண்ணெய், கோயில்ல மந்திரிச்சது. காலைல சாய்ந்தரம் அவரு கையில தடவி வுடறேன். கை வெளங்கணும்ல?"

"வெளங்காதது வலது கை. அவரு தட்டுறது இடது கையில. அதுல எதுக்குத் தடவுற?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுவும் பூட்ச்சுன்னா?"

நான் தாளில் ஊர்ந்த எறும்புகளை ஊதித் தள்ளினேன். திரும்பவும் கடுப்பு ஏறியது. "சரி, தடவுனதும் சோப்பு போட்டுக் கழுவிட்டு உக்கார வெக்கலாம்ல?"

"இன்னா பேசுற நீ? மந்திரிச்ச எண்ணெய சோப்பு போட்டுக் கழுவுவாங்களா? துணில தொடச்சாலே பாவம்."

தலையில் அடித்துக்கொண்டேன். தாளில் கோடுகள் எல்லாம் உரிந்து வந்துவிட்டன. இனி துடைத்துப் பிரயோஜனம் இல்லை. பழைய சாமான் வாங்கிப் போடுகிற காயலான் கடை ரஷீது பாயிடம் இதே மாதிரி மிஷின் ஒன்று செத்துக் கிடப்பதாக ஞாபகம். போய் அவர் குவியலைக் கிளறி, திட்டு வாங்கி, தேடி எடுத்து, அதிலிருந்த தாளைக் கிழியாமல் உருவி இதில் மாட்டினேன். இதுவும் போனால் வேறு தாளுக்கு நான் எங்கே போவது? உலகத்தில் யாரும் இப்போது இதைச் செய்வதில்லை.

மிஷினை நானே எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மேத்யூ அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பக்க வாயால் சிரித்தார். டிவியில் மாட்டி ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் வந்தது. எண்ணெய் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அவர் விரலில் இருக்கிற பலத்துக்கு உறையோடு ஒரு பொத்தான்கூட அமுங்கவில்லை. எரிச்சலில் அதை உருவிச் சுருட்டி எறிந்தேன்.

"அக்கா, இங்க பாரு. ஒண்ணு எண்ணெய், இல்ல பேச்சு. ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு. இன்னொரு தபா கெட்டுப்போச்சுன்னா அந்த மாதாவே வந்தாலும் என்னால சரி பண்ண முடியாது."

சொல்லியிருக்கக் கூடாதுதான். அக்கா முகம் சுருங்கிப் போயிற்று. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டுபோய் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள்.

"அவரு பேசட்டும்," என்றாள்.

மேத்யூ அண்ணன் புட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கடித்துத் தின்றுவிடுகிற மாதிரி. விரலை ஊன்றித் தட்ட ஆரம்பித்தார். அக்கா டிவிக்கு அருகில் போய் நின்று, எழுத்து விழ விழ வாய்விட்டுப் படித்தாள்.

"எண்ணெய்... தடவு. பேச்சு... போனா... போவுது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "யண்ணா, உனக்கு இது நல்லாக்கீதா? காயலான் கடையில நாய் மாதிரி அலஞ்சு எடுத்துகினு வந்துக்கீறேன். போனா போவுதுன்றியே!"

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடி தட்டினார்.

"தடவறப்பதான்... நீ... கையப் புடிக்கிற," என்று படித்தாள் அக்கா. "அது... போதும்."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பியவள் முகத்தில் அப்படியொரு கோபம்.

"உனக்குப் போதும்யா. எனக்கு? நாள் பூரா நான் ஒருத்தியே பேசிகினு, அதுக்கு ஒரு 'உம்' கூட வராம, சொவுத்தப் பாத்துகினு கெடக்கணுமா? அந்தக் கொடுமை உனக்கு இன்னா தெரியும்? எனக்கு நீ பேசணும்!"

விடுவிடென்று பின்பக்கம் போனாள். ஒரு பேசின், செம்புத் தண்ணீர், சோப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள். மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சுக்க தாயே," என்று சொல்லிவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் அமுக்கினாள். அவர் உருவப் பார்த்தார். அவள் விடவில்லை. அழுதுகொண்டே விரல் இடுக்கெல்லாம் சோப்பு போட்டுத் தேய்த்தாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். கையைத் தூக்கிப் பொத்தான்கள் மேல் வைத்தாள். அப்புறம் புட்டியை எடுத்துவந்து அவருடைய வலது கையில் மட்டும் எண்ணெயைத் தடவி, அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கைய நான் புடிச்சுக்கினேன். நீ அந்தக் கையில பேசு."

மேத்யூ அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு தட்டினார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் படித்தாள்.

"தண்ணி... சில்லுனு... கீது."

"நாளைலேருந்து வெந்நி வெக்கிறேன்," என்றாள் அக்கா.