நான்கு மூலையும் மங்கல்

புது கேமரா வந்த வாரமே பெரியவளுக்கு மாப்பிள்ளைமேல் சந்தேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். ஓவியங்களைப் படமெடுத்து, கண்காட்சிக்காரர்கள் அச்சிடும் புத்தகங்களுக்குக் கொடுப்பது அவர்கள் வேலை. படமெடுப்பவள் பெரியவள். கம்ப்யூட்டரில் நிறம் சரிசெய்பவள் சின்னவள்.

புது கேமராவில் பழையதைவிடப் பல மடங்கு மெகாபிக்சல். முதலில் எடுத்தது ஒரு துறைமுக ஓவியம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, நடுவில் பெயின்ட்டில் ஒட்டிக்கிடந்த தூரிகை மயிர்கூடத் தெரிந்தது. சின்னவள் வாயைப் பிளந்தாள். ஆனால் மூலைக்குப் போனால், படகுகளின் கயிறெல்லாம் பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல் இருந்தது.

ஸ்டாண்டு ஆடியிருக்கும் என்று பெரியவள் மறுபடி எடுத்தாள். ஃபோகஸ் தவறியிருக்கும் என்று இன்னொரு முறை எடுத்தாள். கயிறு கயிறாகவே இல்லை. கேமரா புத்தம்புதிது. மிச்சமிருந்தது லென்ஸ்தான். அது பல வருடமாக ஒரு குறையும் சொல்ல வைக்காத லென்ஸ். போன மாதம் மாப்பிள்ளை தன் நண்பரின் கடைத்திறப்புக்குப் படமெடுக்கப் பழைய கேமராவோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தந்தது.

லென்ஸை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு கீறல். அது முன்பே இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. இல்லை என்றே வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை மனைவியைக் கூட்டிப்போக வந்தவரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "தம்பி, அன்னைக்கு அந்த லென்ஸ் நல்லா வேலை செஞ்சுதா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏங்க்கா, ஏதாவது ஆச்சா?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டதற்கு அவர் ஏன் பைக் சாவியை விரலில் அப்படிச் சுழற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சாவி கண்ணுக்குள்ளேயே சுற்றியது. விழுந்திருக்குமோ? உடைந்துபோய், அதேபோல் வேறொரு பழைய லென்ஸை வாங்கி வைத்துவிட்டாரோ? தங்கைக்கும் தெரிந்திருக்குமோ? அவள் இரண்டு நாளாகக் கொஞ்சம் அமைதியாகத்தானே இருக்கிறாள்?

மறுநாள் தங்கை இல்லாத நேரம் பார்த்து அந்த நண்பருக்கு போன் போட்டாள். கடை எப்படிப் போகிறது, வியாபாரம் உண்டா என்று சுற்றி வளைத்துவிட்டு, "கூட்டத்துல தம்பி கேமராவை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்பட்டிருப்பாரே" என்றாள்.

அவர் வெள்ளந்தி. "ஆமாங்க, யாரோ இடிச்சு நாற்காலியில இருந்த பை கீழ விழுந்துடுச்சு. பாவம், ஆளு வெலவெலத்துப் போயிட்டாரு."

போனை வைத்தபோது பெரியவளுக்குக் கோபத்தைவிட ஒரு திருப்திதான் முன்னால் வந்தது. மாப்பிள்ளை மாலையில் வந்ததும் தங்கையை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"பை விழுந்துச்சாமே தம்பி."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை. அதான் சொல்லலை."

"ஒண்ணும் ஆகலையா? வந்து பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினாள். கயிறுகளைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

காலையில் கதவைத் திறந்ததும் சின்னவள் அந்த லென்ஸைப் பழைய கேமராவில் மாட்டி, அதே ஓவியத்தை எடுத்தாள். மூலை சுத்தமாக இருந்தது.

"பாருக்கா."

"பழைய கேமராவுக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாதுடி. லென்ஸ் கெட்டிருந்தாலும் காட்டாது" என்றாள் பெரியவள்.

"சரி, புதுசுல எடுத்ததையே பழைய படத்தோட அளவுக்குச் சுருக்கறேன்." சுருக்கினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியவில்லை.

"அதுவும் அதே கதைதான். சுருக்கினா மங்கலும் சேர்ந்து மறைஞ்சிடும்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "அவர் உடைச்சார்னு உனக்கு நிச்சயமா தெரியணும், அப்படித்தானே?" என்றாள். தெருமுனையில் இன்னொரு ஸ்டுடியோ வைத்திருந்த பெண்ணிடம் அதே மாடல் லென்ஸ் ஒன்று இருந்தது. பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராதது. சின்னவளே போய்க் கேட்டு வாங்கி வந்தாள்.

அதை மாட்டி எடுத்தார்கள். கயிறு பஞ்சு பஞ்சாக நின்றது. அச்சு அசல் அதே மங்கல்.

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கள் லென்ஸின் படத்தை மூலை மூலையாகப் பார்த்தாள். நான்கு மூலையும் ஒரே மாதிரி மங்கியிருந்தன. அடிபட்டுக் கண்ணாடி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம்தான் கெட்டுப்போயிருக்கும். இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த வாரம் முழுக்க அவள் ஒரே ஒரு மூலையைத்தான் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள்.

"லென்ஸ் எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கு" என்றாள் மெதுவாக. "பழசு கண்டுக்காம விட்டுச்சு. இது விடமாட்டேங்குது."

பிறகு வேலை எளிதாகத்தான் முடிந்தது. கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, ஓவியம் படத்தின் நடுவிலேயே அடங்கும்படி எடுத்தாள். ஓரத்தை வெட்டிய பிறகும் பெரிய அச்சுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே மிஞ்சியது. கயிற்றின் முறுக்குவரை தெரிந்தது.

அன்று மாலை மாப்பிள்ளை வந்தபோது பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பா நெனச்சுட்டேன் தம்பி."

"விழுந்ததை மறைச்சது என் தப்புதாங்க்கா" என்றார் அவர். "ஆனா என்கிட்ட நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க என் நண்பன்கிட்ட போய் விசாரிச்சிருக்கீங்க."

'நேராகத்தானே கேட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். 'சும்மா கேட்டேன்' என்று மழுப்பியது நினைவுக்கு வந்தது.

சின்னவள் மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையும் மாலையில் வந்துகொண்டுதான் இருக்கிறார். "உள்ள வாங்க தம்பி" என்றால் வருகிறார், டீ குடிக்கிறார், டிரைவிங் கற்க வருபவர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். ஆனால் மேஜையில் கேமரா இருந்தால், அதற்கு எட்டாத நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்காருகிறார்.