அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்

வீட்டிலேயே படிக்கும் மகளைச் சோதித்துப் பார்க்கக் கல்வி ஆய்வாளர் வருகிறார் என்று உறைக்காரம்மா தையல் மெஷினை மூலைக்குத் தள்ளி, பஞ்சையும் துணுக்கையும் பெருக்கி, சாப்பாட்டு மேஜையைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். அந்த மேஜைதான் மகளுக்குப் பள்ளிக்கூடம். மகளை வீட்டில் மைனா என்று கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் மழலை பொழிந்ததால் அப்பா வைத்த பெயர் அது. பேச்சு வந்தபோது திக்கலும் கூடவே வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், அவள் திக்குவதைப் போலவே திக்கிக் காட்டினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. உறைக்காரம்மா அன்றைக்கே போய் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "கர்த்தர் கொடுத்த நாக்கைக் கேலி பண்றவன்கிட்ட என் பிள்ளைக்கு என்ன பாடம்? இனிமே நானே சொல்லித் தர்றேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். காலையில் வேதத்திலிருந்து ஒரு பகுதி, ஒரு ஜெபம், பிறகு கணக்கு, மொழி, விஞ்ஞானம். பாடும்போது மட்டும் மைனாவுக்குத் திக்குவதில்லை என்பதைக் கவனித்தவள், வாய்ப்பாட்டை எல்லாம் ஆராதனைப் பாட்டு மெட்டில் ஏற்றிவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், "பதினாறாம் வாய்ப்பாடு முடிஞ்சதும் எனக்குத் தானா ஆமென் வருது" என்று சிரிப்பான்.

ஆய்வாளர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். புத்தகத்தை நடுவில் விரித்து மைனாவிடம் நீட்டினார்.

"படி. சத்தமா. சீக்கிரம்."

"ம... ம... ம..."

"சரி விடு. ஏழெட்டு எவ்வளவு?"

"ஐ... ஐ..."

"பாட்டா பாடச் சொன்னா சொல்லிடுவா சார்" என்றாள் உறைக்காரம்மா.

"நான் என்ன கச்சேரி கேக்கவா வந்திருக்கேன்?"

"அப்ப எழுதச் சொல்லுங்க சார். எதைக் கேட்டாலும் எழுதிடுவா."

"வாயால கேட்டா வாயாலதான் பதில் வரணும்மா." அவர் எழுந்துவிட்டார். "படிக்கத் தெரியல. கணக்கும் வரல. மூளை வளர்ச்சி கம்மியான பிள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளி இருக்கு. அடுத்த மாசத்துக்குள்ள அங்க சேத்துடுங்க. அம்மாங்க எல்லாம் வாத்தியார் ஆனா இப்படித்தான் ஆகும்."

இதை மைனாவை வைத்துக்கொண்டே சொன்னார். மேஜை முழுக்க அவள் எழுதிய கட்டுரைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றைக்கூட அவர் புரட்டிப் பார்க்கவில்லை. மைனா விரிந்த புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் உறைக்காரம்மா அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். காலையில் போனவளை மதியம்தான் உள்ளே விட்டார்கள். ஆய்வாளர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உட்காருங்கள் என்ற சொல்லும் வரவில்லை.

"எழுத்துத் தேர்வு வச்சுப் பாருங்க சார். அது போதும்."

"அப்படி எல்லாம் வழக்கம் இல்லம்மா. ஆளாளுக்கு வந்து ஒண்ணு கேட்டா, ஆளுக்கொரு சட்டமா போட முடியும்? கிளம்புங்க."

வீட்டுக்கு வந்து வெட்டிப் போட்டிருந்த துணியை எடுத்தவள், தப்பாகத் தைத்து, பிரித்து, மறுபடியும் தப்பாகத் தைத்தாள்.

"அந்தச் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றான் கணவன்.

"அவங்க பேரை எடுக்காதீங்க!"

அவன் சொன்னது, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் கிறிஸ்தவக் குடும்பங்களின் சங்கம். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் கூடுவார்கள். போன வருஷம் அவள் மைனாவைக் கூட்டிக்கொண்டு ஆசையாகத்தான் போனாள். சங்கத்தின் செயலாளர் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். எல்லாருக்கும் மருந்துக்கடை அக்கா. அந்த அக்கா மைனாவின் தலையில் கை வைத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "விசுவாசத்தோட உபவாசம் இரு தங்கச்சி. நாக்குக் கட்டு அவுந்துடும்" என்றாள். அத்தனை பேரும் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார்கள். உறைக்காரம்மா கையில் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தவள்தான். 'அப்போ இத்தனை நாள் நான் விசுவாசம் இல்லாமலா இருந்தேன்?' அந்தப் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்கவில்லை.

கணவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் மருந்துக்கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பார்ப்பதும் அவன்தான். அடுத்த நாள் அங்கே போனபோது, மனைவிக்குத் தெரியாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் கதவைத் திறந்தால், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மருந்துக்கடை அக்கா நிற்கிறாள்.

"திட்டணும்னா உள்ள கூப்பிட்டுத் திட்டு தங்கச்சி. வாசல்ல வேணாம்."

உறைக்காரம்மா உள்ளே கூப்பிட்டுத்தான் திட்டினாள். ஒரு வருஷமாகச் சேர்ந்திருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். அக்கா குறுக்கே பேசவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றாள் கடைசியில். "உன் பிள்ளை முகம் வாடினப்பவே தெரிஞ்சுது. வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். சரி, அந்த மனுஷன் என்ன சொன்னாரு? எழுத்துத் தேர்வு வழக்கமே இல்லைன்னாரா?"

"ஆமா."

"பச்சைப் பொய். எங்க சங்கத்துல காது கேக்காத பிள்ளை ஒண்ணு இருக்கு. அதுக்கு இதே ஆபீஸ்லதான் எழுத்துத் தேர்வு வச்சாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பெத்தவங்க கேட்டா மறுபடி தேர்வு வச்சே ஆகணும், துணைக்கு ஒருத்தர் இருக்கலாம். அவங்க விதியிலயே இருக்கு."

உறைக்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஆள் தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே, பின்னால் வந்து கேட்க ஆளில்லாதவள் என்று பார்த்தே சொல்லியிருக்கிறார்!

"நான் உங்க சங்கத்துல சேரக்கூட இல்லையேக்கா."

"அதைப் பத்தி இப்ப யார் கேட்டா? நாளைக்குக் கிளம்பி இரு."

மறுநாள் அலுவலக வாசலில் அவளுக்காகக் கூட்டமே காத்திருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்த அக்கா, பஸ் ஓட்டும் ஒரு பெண், இரட்டைக் குழந்தைகளைத் தோளுக்கொன்றாகச் சுமந்த தம்பதி, இன்னும் சிலர். பாதிப் பேரை உறைக்காரம்மாவுக்கு முகம்கூடத் தெரியாது. பஸ் ஓட்டும் பெண் மைனாவின் கையில் ஒரு புதுப் பேனாவைத் திணித்தாள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஆய்வாளர் எழுந்தே விட்டார். "வாங்க, வாங்க! என்ன விஷயம்? உக்காருங்கம்மா" என்று தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா விதியைச் சொன்னாள்.

"தாராளமா வைக்கலாமே! இதை முன்னாடியே கேட்டிருந்தா அப்பவே வச்சிருப்பேனே" என்று சிரித்தார்.

உறைக்காரம்மா உட்காரவில்லை.

"கேட்டேன் சார். என் வீட்டுல வச்சுக் கேட்டேன். இதே இடத்துல நின்னுக்கிட்டுக் கேட்டேன். அன்னைக்கும் அதையேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூடுதலா இல்ல, குறைச்சலா இல்ல. அன்னைக்கு உங்களுக்குக் காது கேக்கல. இன்னைக்கு என் பின்னால நாலு பேர் நிக்கிறாங்க, உடனே கேக்குது. இவங்க வந்திருக்காட்டி என் பிள்ளை தலையில 'மூளை வளர்ச்சி இல்லாதவ'ன்னு எழுதி ஒட்டியிருப்பீங்கல்ல? யாருமே இல்லாம வர்றவங்க எல்லாம் என்ன ஆவாங்க சார்?"

அவர் பேனாவைத் தேடுவதுபோல் மேஜையைத் துழாவினார்.

தேர்வு அங்கேயே நடந்தது. அக்கா மைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் எப்படி மேகமாகிறது என்று கேட்டிருந்தார்கள். மைனா எழுதினாள், தாள் போதாமல் இன்னொன்று கேட்டு வாங்கியும் எழுதினாள். கணக்குப் போடும்போது மட்டும் உதட்டுக்குள் ஏதோ மெட்டு ஓடியது. திருத்திய வேறொரு அதிகாரி, "வயசுக்கு மேலயே படிச்சிருக்கா" என்று சொல்லி, பழைய முடிவை அடித்துவிட்டார். அந்த ஆய்வாளர் மன்னிப்பு என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மைனா அம்மாவின் கையை இழுத்தாள். "அ... அவருக்குத் தே... தேங்க்ஸ் சொல்லணுமா?"

"வேணாம்" என்றாள் உறைக்காரம்மா. "இவங்களுக்குச் சொல்லு. நேரம் எடுத்துக்கிட்டு நிதானமா சொல்லு."

மைனா ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். யாரும் அவசரப்படவில்லை. யாரும் பாதி வார்த்தையை எடுத்துக்கொடுக்கவுமில்லை.

அந்தச் சனிக்கிழமையே உறைக்காரம்மா சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த அன்றே சண்டையும் போட்டாள். அலுவலகத்துக்கு வராத ஒரு பேக்கரிக்காரர் எழுந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. வெளியாளுங்களுக்கெல்லாம் போய் நின்னா, அப்புறம் சங்கத்துல எதுக்குச் சேரணும்?" என்று கேட்டார்.

அவள் படக்கென்று எழுந்தாள். "எதுக்கா? போய் நிக்கிறதுக்குத்தான் அண்ணே! நம்ம பிள்ளைங்களை மட்டும் காப்பாத்திக்கணும்னா ஆளுக்கொரு பூட்டு வாங்கி மாட்டிக்கலாமே, எதுக்குச் சங்கம்? எதுக்கு ஜெபம்? நான் வெளியாளாத்தான் இருந்தேன். அப்ப நீங்க சொல்றபடி இவங்க பாத்திருந்தா, என் மக இன்னைக்கு எங்க இருப்பா?"

பேக்கரிக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டார். "கேள்வி நியாயம்தான்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். மருந்துக்கடை அக்கா மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை வீட்டுல பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்ற ஒரு பொண்ணை அந்த ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்களாம்" என்றாள் அக்கா. "நம்ம ஆள் இல்ல. சபைக்குக்கூட வர்றதில்லையாம். துணைக்கு யார் போறீங்க?"

உறைக்காரம்மா கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பேக்கரிக்காரரும் தூக்கினார்.