ஜிவெர்னிக்கு இரண்டு டிக்கெட்

லிமோஜிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்த களைப்பில், நெடுஞ்சாலையோர மரநிழலில் காரை நிறுத்தினான் ரெஜிஸ். இறங்கியதுமே வரைபடத்தைப் பானெட்டின்மேல் விரித்துவிட்டான்.

"நாளைக்குக் காலையில ஜிவெர்னி தோட்டம். அந்த ஓவியர் வரைஞ்ச அல்லிக்குளம், பச்சைப் பாலம், எல்லாத்தையும் பார்த்துடலாம். டிக்கெட் போட்டுரவா?"

அவன் மனைவி ஒதில் புல்லில் காலை நீட்டி, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அவள் நகராட்சித் தோட்டக்காரி. லிமோஜ் நகரத்து ரவுண்டானா, பூங்காப் பூக்களுக்காக மண்டியிட்டே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன.

"லீவுலயும் பூவா? கசாப்புக்கடைக்காரனை டூர் கூட்டிட்டுப் போய் கறிக்கடையைக் காட்டுவியா நீ?"

"உலகமே அதைப் பார்க்க வருது, ஒதில்."

"வரட்டும். எனக்கு வாடின பூதான் முதல்ல கண்ணுல படும். கிள்ளிப் போடாம கை சும்மா இருக்காது."

ரெஜிஸ் பெருமூச்சு விட்டு வரைபடத்தை மடித்தான். "சரி விடு. நேரா கடலுக்கே போயிடுவோம்."

அவள் கொஞ்ச நேரம் ரொட்டியை மென்றாள்.

"அங்க பெஞ்ச் இருக்கா?"

"இருக்கும். ஏன்?"

"அப்ப டிக்கெட் போடு. முப்பது வருஷமா பெஞ்சைச் சுத்திப் பூ நட்டிருக்கேன். ஒரு தடவைகூட அதுல உக்காந்ததில்ல."